பத்துக் குச்சியைப் பிள்ளைகளே கட்டட்டும்: செயல்வழி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால், பிள்ளைகள் கையால் செய்து கற்கும் செயல்வழி வகுப்பில், மூத்தவர்கள் ஒரு காலத்தில் செய்து சூடுபட்ட அதே தவறுகள்தான் திரும்ப நடக்கின்றன. சத்தம் அதிகமாவது, நேரம் போதாமல் போவது எல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

குச்சிகளை முதல் நாளே கட்டி எடுத்துவருவது

இரண்டாம் வகுப்பில் இடமதிப்பு நடத்த, ஆசிரியர் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பத்துப் பத்தாகக் கட்டி வைக்கிறார். வகுப்பில் நேரம் மிச்சமாகும் என்று நினைப்பு. போவது பாடமே. அந்தக் கட்டுக்குள் பத்து இருப்பதைப் பிள்ளையின் விரல் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்கு அது ஒரே பொருள். விளைவு நோட்டில் தெரியும்: நாற்பத்து மூன்றை 403 என்று எழுதும். காதில் நாற்பது விழுகிறது, பிறகு மூன்று, அப்படியே எழுதிவிடுகிறது. தொண்ணூறு இன்னும் சிரமம், சொல்லின் வாலிலேயே நூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

32 பிள்ளைகள் என்றால் நாலு பேராக எட்டுக் குழு. குழுவுக்கு 43 ஈர்க்குச்சி, ஐந்து ரப்பர் பேண்டு. மொத்தம் 344 குச்சி. ஒரு தென்னந்துடைப்பத்தை விரல் நீளத்துக்கு நறுக்கினால் கிடைத்துவிடும். நுனிப்பக்கம் ஒடியும், ஒதுக்கிவிடுங்கள். வெட்டிய முனையை உப்புத்தாளில் தேய்த்துவிட வேண்டும்.

பத்து சேர்ந்ததும் கட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு குழு ஒன்பதில் கட்டியிருக்கும். "டீச்சர், எல்லாருக்கும் மூணு மிஞ்சுது, எங்களுக்கு மட்டும் நாலு!" என்று குரல் வரும். ஆசிரியரின் கை தானாக அந்தக் கட்டுக்கு நீளும். நீளக் கூடாது. "அவுத்து எண்ணிப் பாரு கண்ணு" என்பதோடு நில்லுங்கள்.

மறுநாள் 43-இல் 17 கழிக்கட்டும். உதிரி மூன்றுதான், வேண்டியது ஏழு. ரப்பர் பேண்டை உருவி ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி 13. அதில் ஏழு போனால் ஆறு; மீதி மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு; விடை 26. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லவே வேண்டியிருக்காது. டீச்சர் கட்டிய கட்டு என்றால் பிள்ளை அதை அவிழ்க்கவே பயப்படும். ஒரு பீரியடை மிச்சம் பிடித்துவிட்டு, நான்காம் வகுப்பிலும் கழித்தலையே நடத்திக்கொண்டிருப்பதைப் பார்க்க ஆதங்கமாக இருக்கிறது.

எட்டுப் பேர் குழு

வேண்டாம். இருவர் செய்வார்கள், ஆறு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

கிடைத்த கொட்டையை எல்லாம் எண்ணக் கொடுப்பது

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை எளிதாகக் கிடைக்கும். ஓட்டோடு கொடுக்கவே கூடாது. ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிக்கும். குண்டுமணி பார்க்க அழகு, மென்றால் விஷம். தேவனாம்பட்டினம் கடற்கரைச் சிப்பியில் உடைந்தது விரலைக் கிழிக்கும். புளியங்கொட்டை நல்லது, ஆனால் ஒன்றாம் வகுப்பில் மூக்குக்குள் போகும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை விதை போடுவது

பச்சைப்பயறு ஈரப்பஞ்சில் ஒன்றிரண்டு நாளில் வேர் விட்டுவிடும். சனி ஞாயிறு பூட்டிய அறைக்குள் அதை யார் பார்ப்பது? திங்களன்று பஞ்சு காய்ந்து கிடக்கும். திங்கள் காலையில் போடுங்கள். மூழ்கத் தண்ணீர் ஊற்றினால் காற்றில்லாமல் பயறு அழுகி நாறும். தூக்கினால் சொட்டாத ஈரம் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம். மழைக்கு எந்த நாள் லீவு விடுவார்கள் என்று சொல்ல முடியாது.