வீட்டில் ஒரு சிறு பிரான்சிஸ்கன் செபக் குழுவைத் தொடங்கி நடத்துவது எப்படி?

கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் பத்துப் பேர் கூடிச் செபமாலை சொல்வதற்கு யாருடைய வழிகாட்டுதலும் தேவையில்லை. ஆனால், நற்செய்தியை வாசித்து, அது தம் வாழ்வில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை ஒருவர் மற்றவர் முன்னிலையில் சொல்லும் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) குழுக்கள், சில மாதங்களிலேயே மறையுரை மேடையாகவோ பட்டிமன்றமாகவோ மாறிவிடுகின்றன. அப்படி மாறாமல், அசிசி நகரப் புனித பிரான்சிசின் வழியைப் பின்பற்றும் எங்கள் குழு நடந்துவரும் முறையை, புதிதாகத் தொடங்க விரும்புவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஆட்களும் வீடும்

முதலில் பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். அன்பியக் கூட்டமும் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் கூட்டம்) இதுவும் ஒரே மாலையில் வராமல் பார்த்துக்கொள்ள அது உதவும். 6 பேர் முதல் 10 பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் இரு குழுக்களாகப் பிரிந்துவிடுவதே நல்லது. மாதம் இருமுறை, ஒன்றேகால் மணி நேரம், ஒவ்வொரு முறையும் ஒரு வீடு. தேநீரைத் தவிர வேறெதுவும் பரிமாறக் கூடாது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வீட்டில் கேசரி, அடுத்த வீட்டில் கேசரியோடு வடை என்று ஏறிக்கொண்டே போனால், வசதி குறைந்தவர்கள் "எங்கள் வீட்டில் இடம் போதாது" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். வறுமையைத் தன் தலைவியாகப் போற்றிய அசிசி பிரான்சிசின் பெயரில் கூடுகிறவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

படி 2: தேவையானவை

ஒரு பாடுபட்ட சிலுவை, ஒரு மெழுகுதிரி, அச்சிட்ட திருவிவிலியம். நான் 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பையே பரிந்துரைக்கிறேன். கோவிலில் கேட்கும் சொற்களே வீட்டிலும் காதில் விழும். கைப்பேசியில் வாசிப்பதை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் அமைதி நேரத்தில் ஒரு திரை ஒளிர்ந்தால் எல்லோருடைய கண்களும் அங்கே போய்விடும். கீபோர்டும் ஒலிபெருக்கியும் வேண்டாம். வாட்ஸாப் குழு இடத்தையும் நேரத்தையும் அறிவிக்க மட்டுமே.

படி 3: தொடக்கச் செபம்

அசிசியின் சான் தமியானோ சிற்றாலயத்தில் இருந்த சிலுவை முன் பிரான்சிஸ் சொன்ன சிறு செபத்தைப் பயன்படுத்துங்கள். உள்ளத்தின் இருளை ஒளிரச் செய்யவும், நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகியவற்றைத் தரவும், இறைவனின் திருவுளத்தைச் செய்வதற்கு வேண்டிய தெளிவைத் தரவும் கேட்கும் செபம் அது. அடுத்து நற்செய்தியைத் திறக்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பிரான்சிசின் பெயரில் வழங்கும் சமாதான செபத்தைச் சொல்லப் பலர் விரும்புவார்கள். தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அது பிரான்சிஸ் எழுதியதன்று. 1912இல் பிரான்சு நாட்டு இதழ் ஒன்றில்தான் அது முதன்முதலில் அச்சானது.

படி 4: வாசிப்பும் அமைதியும்

1208இல், முதல் தோழரான பெர்னார்து தன் சொத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, பிரான்சிஸ் அவரை அசிசியின் புனித நிக்கொலாஸ் கோவிலுக்கு அழைத்துச் சென்று நற்செய்தி நூலை மும்முறை திறந்து பார்த்ததாக மரபு சொல்கிறது. விளக்கவுரை எதையும் தேடாமல், வாசித்ததை அன்றே செய்யத் தொடங்கினார்கள். இக்குழுவின் அடிப்படையும் அதுவே. வரும் ஞாயிற்றின் நற்செய்தியை இருவர், சிறு இடைவெளி விட்டு, இரண்டு முறை வாசிக்கட்டும். பிறகு 5 நிமிடம் அமைதி. வழிநடத்துபவர் கடிகாரத்தைப் பார்த்தே இதை முடிக்க வேண்டும். மனக்கணக்கில் விட்டால் ஒரு நிமிடத்திலேயே யாராவது பாட்டைத் தொடங்கிவிடுவார்கள்.

படி 5: பகிர்வு

பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விதிகள் மூன்று: "நான்" என்று பேச வேண்டும், மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டும், ஒருவர் சொன்னதற்கு வேறு எவரும் பதிலோ அறிவுரையோ ஆறுதலோ சொல்லக் கூடாது.

மத்தேயு 20இல் உள்ள திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை எடுத்துக்கொள்வோம்: காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வேலைக்கு அழைக்கப்பட்டவருக்கும் உரிமையாளர் ஒரே கூலி கொடுக்கிறார். "இந்த உவமை கடவுளின் தாராள குணத்தைக் காட்டுகிறது" என்பது மறையுரை. "நாம் எல்லோரும் பிறரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம்" என்பது, தன்னை மறைத்துக்கொள்ள உதவும் "நாம்". எங்கள் குழுவில் கொத்தனார் வேலை செய்யும் ஒருவர், காலையில் ஆள் எடுக்கும் முனையில் ஒன்பது மணிக்குப் பிறகும் நிற்பது எப்படி இருக்கும் என்று சொன்னார். கூப்பிடப்பட்டவர்கள் வண்டியில் ஏறிப் போனபின், தூக்குவாளியில் சோறு அப்படியே இருக்க, வீட்டுக்குத் திரும்பவும் மனம் வராமல் நிற்பாராம். மாலை ஐந்து மணிவரை ஒருவன் அங்கேயே நின்றான் என்றால் அவன் சோம்பேறியாக இருக்க முடியாது என்றார். அதற்கு விளக்கம் சேர்க்க ஒன்றுமில்லை. அடுத்தவர் தம் பகிர்வைத் தொடங்கினார். யாராவது அப்போது குறுக்கிட்டு "கவலைப்படாதீங்க அண்ணே, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

பேச விரும்பாதவர் "கடந்து செல்கிறேன்" என்று சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. எல்லோரும் பேசியபின் சிறு இரண்டாம் சுற்று: இந்த இரு வாரங்களில் நான் செய்யப்போகும் ஒரு செயல் எது? 1978இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் அளித்த பொதுநிலை பிரான்சிஸ்கன் சபை (பிரான்சிசின் வழியில் வாழும் பொதுநிலையினர் சபை) ஒழுங்கின் 4ஆம் பிரிவு, நற்செய்தியிலிருந்து வாழ்வுக்கும் வாழ்விலிருந்து நற்செய்திக்கும் செல்லச் சொல்கிறது. இச்சுற்று இல்லாவிட்டால் பயணம் பாதியில் நின்றுவிடும்.

படி 6: நிறைவு

மன்றாட்டுகள், விண்ணகத் தந்தையே செபம், பிறகு பழைய ஏற்பாட்டின் எண்ணிக்கை நூல் 6:24–26இல் உள்ள ஆசி மொழி. 1224இல் லாவெர்னா மலையில் தம் தோழரான சகோதரர் லியோவுக்குப் பிரான்சிஸ் தம் கையால் எழுதிக் கொடுத்தது இந்த வசனங்களையே. ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தபின் சிலர் கேட்டவற்றுக்கு இங்கேயே பதில் தருகிறேன். பகிரும்போது ஒருவர் அழுதால் என்ன செய்வது? அமைதியாகக் காத்திருங்கள், கூட்டம் முடிந்தபின் ஒருவர் அவரோடு வீடுவரை நடந்து செல்லட்டும். கூட்டத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் சொல்லுங்கள், உறுப்பினர்கள் மாறாவிட்டாலும் கூட. பங்குத்தந்தை வந்தால்? அவரும் மூன்று நிமிடம், அவரும் "நான்". எங்கள் தந்தை அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

இக்குழுவே மூன்றாம் சபை, அதாவது பொதுநிலை பிரான்சிஸ்கன் சபை, ஆகிவிடுமா என்றும் கேட்டிருந்தார்கள். ஆகாது. பொதுநிலை பிரான்சிஸ்கன் சபையில் சேர, குறைந்தது ஓராண்டு உருவாக்கப் பயிற்சி பெற்று, வாக்குறுதி அளிக்க வேண்டும். ஒரு தலச் சகோதரத்துவம் (அச்சபையின் உள்ளூர்க் கிளை) முறைப்படி நிறுவப்பட, நிரந்தர வாக்குறுதி அளித்த 5 பேராவது இருக்க வேண்டும். உங்கள் குழுவில் அந்த விருப்பம் எழுந்தால், அருகிலுள்ள கப்புச்சின் அல்லது பிற பிரான்சிஸ்கன் துறவற இல்லத்தை அணுகி, ஏற்கெனவே நடந்துவரும் சகோதரத்துவம் எங்கே கூடுகிறது என்று கேட்டு, அதன் மாதக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சென்று பாருங்கள்.