முதல் ஏர்லைன் வேலை: சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் தம்பிகளுக்கு

போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். சி.பி.எல். (தொழில்முறை பைலட் உரிமம்) முடித்து இரண்டு வருடம் காத்திருந்தவன். இப்போது கையில் இரண்டு வேலை, இரண்டுமே ஏ.டி.ஆர். என்ற புரொப்பெல்லர் விமானம் ஓட்டும் சிறிய நிறுவனங்கள். "அண்ணே, ஒண்ணுல மாசம் நாப்பதாயிரம் கூட வருது. அதுலயே சேர்ந்துரட்டுமா?" அங்கே போன மாதம் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசர் (கோ-பைலட்) எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேட்டேன். விசாரிக்கவில்லை என்றான். நானும் இதை விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டவன்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

மெடிக்கல் தேதியைத் தவறவிடாதே, பறந்த நேரத்தை எழுதும் லாக்புக்கில் அடித்துத் திருத்தாதே என்பதெல்லாம் பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எத்தனை மணி நேரம் பறப்போம் என்று கேட்காதது

எனக்கும் அன்று இரண்டு வேலை வந்தது. ஒன்றில் மாதம் தொண்ணூறாயிரம், இன்னொன்றில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். படிப்புக்காக அப்பா ஒரு மனையை விற்றிருந்தார், வங்கிக் கடன் வேறு. பெரிய தொகையைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. எனக்கும் இல்லை.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நிறுவனத்தின் பெயரில் நான்கு விமானங்கள் இருந்தன, பறந்தவை இரண்டு. மற்ற இரண்டும் எஞ்சினுக்காகக் காத்துக்கொண்டு ஓரமாக நின்றன. கோ-பைலட்டுகளை மட்டும் நான்கு விமானங்களுக்கும் சேர்த்து எடுத்து வைத்திருந்தார்கள். ரோஸ்டரில் என் பெயருக்கு நேரே பாதி மாதம் 'ஸ்டாண்ட்-பை' (கூப்பிட்டால் மட்டும் வர வேண்டும்) என்றுதான் இருக்கும். 14 மாதங்களில் நான் பறந்தது 210 மணி நேரம், மாதத்துக்குச் சராசரி 15. தொண்ணூறாயிரம் வேலையை எடுத்துக்கொண்ட என் பேட்ச் நண்பன் அதே 14 மாதங்களில் ஆயிரத்தை நெருங்கிவிட்டான்.

இந்தியாவில் 200 மணி நேரத்தில் சி.பி.எல். கிடைக்கிறது. கேப்டன் இருக்கைக்குப் போக அடுத்த உரிமமான ஏ.டி.பி.எல். வேண்டும், அதற்குக் குறைந்தது 1,500 மணி நேரம். நிறுவனங்கள் கேப்டனாக்க அதற்கும் மேலேயே கேட்பது வழக்கம். அதை விட்டுவிட்டு வெறும் 1,500-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 1,300 மணி நேரத்தை மாதம் 70 வீதம் பறந்தால் 19 மாதங்களில் முடிக்கலாம். மாதம் 15 வீதம் என்றால் ஏழு வருடத்துக்கு மேல் ஆகும்.

மாதம் ஐம்பதாயிரம் கூடுதல், 14 மாதங்களுக்கு 7 லட்சம். நான் சம்பாதித்ததாக நினைத்தது அவ்வளவுதான். நண்பன் என்னைவிட மூன்று வருடம் முன்னால் கேப்டன் ஆனான். எங்கள் இருவர் சம்பளத்துக்கும் இடையே அந்த மூன்று வருடமும் மாதத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. எழுபது லட்சத்துக்கும் அதிகமான பணம் அது. அந்த 7 லட்சமும் முழுதாக வந்து சேரவில்லை. நான்காவது மாதத்திலிருந்து 'பறந்த நேரத்துக்கு மட்டும்' என்று மாற்றிவிட்டார்கள். குறைந்தபட்சம் இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லவே இல்லை. நானும் அதைத் தேடிப் பார்த்திருக்கவில்லை.

பணத்தைவிட இன்னொன்று இன்றும் உறுத்துகிறது. நாற்பது நாள் இடைவெளிக்குப் பிறகு ஒரு ஆடி மாத மதியம், நான் லேண்டிங் செய்யும் முறை வந்தது. ஏ.டி.ஆர். 72-600-இல் எஞ்சின் பவரைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ-த்ராட்டில் கிடையாது. வேகம் முழுக்க நம் இடது கையில்தான் இருக்கிறது. பவரைக் கூட்டினாலும் குறைத்தாலும் புரொப்பெல்லர் விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் இழுக்கும், காலால் இயக்கும் வால் துடுப்பான ரட்டரால் அதைப் பிடிக்க வேண்டும். தினமும் பறப்பவன் காலுக்கு இது யோசிக்காமலே வரும். அன்று காற்று ஒரு பக்கம் தள்ள, பவர் லீவரை நான் தாமதமாக அசைக்க, சுமார் 200 அடி உயரத்தில் கேப்டன் "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று வாங்கிக்கொண்டார். அவர் என்னைத் திட்டவில்லை. பார்க்கிங்கில் எஞ்சினை நிறுத்திய பிறகு, "கடைசியா எப்பப்பா லேண்ட் பண்ணினே?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. 90 நாட்களுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற விதிப்படி நான் சரியாகத்தான் இருந்தேன். பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இதைத் தெரிந்துகொள்ள யாருடைய தயவும் வேண்டாம். ஃபிளைட்ரேடார்24-இல் அந்த நிறுவனத்தின் விமானப் பதிவெண்களைப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். உண்மையில் எத்தனை விமானங்கள் பறக்கின்றன, ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மூன்று விமானம், நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் மாதத்துக்கு 900. நாற்பது ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் இருந்தால் ஆளுக்கு 22 மணி நேரம் சொச்சம். எச்.ஆர். 'மாதம் 70' என்று சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது. முடிந்தால் ஒருவருடைய கடைசி மூன்று மாத லாக்புக் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் எல்லோருக்குமே யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கும்.

எல்லா மணி நேரமும் ஒன்று என்று நினைப்பது

சிறிய ஊர்களுக்குச் செஸ்னா கேரவன் ஓட்டும் நிறுவனங்கள் உண்டு. நல்ல விமானம், நல்ல அனுபவம். ஆனால் அது ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்றது. அப்படிப்பட்ட விமானத்தில் விதிக்காகக் கோ-பைலட்டாக உட்கார்ந்தால், அந்த நேரத்தில் அதிகபட்சம் பாதிதான் அடுத்த உரிமத்துக்குக் கணக்கில் வரும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் முதலாம் இணைப்பு (Annex 1) சொல்கிறது. லாக்புக்கில் 800 எழுதிவிட்டு 400 என்று தெரிந்துகொள்வது கொடுமை. சேரும் முன்பே நம் நாட்டு விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதியை எடுத்துப் படியுங்கள்.

இரவு நேரமும் அப்படித்தான். ஏ.டி.பி.எல்.லுக்கு ஐ.சி.ஏ.ஓ. 100 மணி நேர இரவுப் பறப்பு கேட்கிறது. சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் திறந்த சிறிய நிலையங்கள் பலவற்றில் சூரியன் மறைந்த பிறகு இறங்க வசதி இல்லை. பகல் முழுக்க ஆறு செக்டார் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒரு பறப்பு) பறந்து, இரவுக் கணக்கில் ஒன்றும் சேராமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேப்டனின் மேற்பார்வையில் கேப்டன் பொறுப்பைச் செய்து பறக்கும் நேரமும் தேவை. அதை நிறுவனம் தருமா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்.

டர்போப்ராப் என்றால் மட்டம் என்பது

இல்லை. ஏ.டி.ஆர். போன்ற புரொப்பெல்லர் விமானத்தை 1,800 மீட்டரே உள்ள சேலம் ஓடுபாதையில் தினமும் இறக்குபவன் கற்றுக்கொள்வது எங்கே போனாலும் கூட வரும்.

பாண்டையும் நோட்டீஸ் காலத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது

ஒரு குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சியின் செலவை நிறுவனம் ஏற்றால், இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற பாண்ட் கேட்பார்கள், அது நியாயம். ஆனால் பாண்ட் முடிந்த மறுநாளே வெளியே வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். டி.ஜி.சி.ஏ.வின் 2017 விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், கோ-பைலட்டுக்கு 6 மாதம் நோட்டீஸ். அதற்குள் போக வேண்டுமானால் பழைய நிறுவனம் என்.ஓ.சி. தர வேண்டும். என் கதையில் 14 மாதங்களோடு நோட்டீஸ் ஆறு மாதமும் சேர்ந்தது. ராஜினாமா கொடுத்த கோ-பைலட்டுக்கு ரோஸ்டரில் யார் செக்டார் கொடுப்பார்கள்?

நிறுவனம் நிலைக்கும் என்று எடுத்துக்கொள்வது

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாதது இல்லை. சென்னையிலிருந்து எம்ப்ரேயர் ஓட்டிய பாரமவுண்ட் 2005-இல் தொடங்கி 2010-இல் நின்றது. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016-இல் பறக்க ஆரம்பித்து 2017-லேயே முடிந்தது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டாவும் அதே 2017-இல். ட்ரூஜெட் 2022-இல். உடான் வழித்தடத்துக்கு அரசு தரும் நட்டஈட்டுத் தொகை மூன்று ஆண்டுக்குத்தான். அந்த மூன்று ஆண்டு எப்போது முடிகிறது, அதன் பிறகு அந்த ஊருக்கு டிக்கெட் வாங்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் மூடினால் வாங்காத சம்பளம் போய்விடும். பறந்து எழுதிய மணி நேரம் போகாது.

அதற்காக எந்தச் சம்பளத்துக்கும் தலையாட்டுவது

மணி நேரத்தின் மேல் உள்ள ஆசையில் எதிர்ப்பக்கம் போய் விழுபவர்களும் உண்டு. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏரின் க்யூ400 டர்போப்ராப் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் கண்ட்ரோலை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுத்தார் என்பது விசாரணையின் முடிவு. அதே விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. 24 வயது கோ-பைலட் சியாட்டிலில் பெற்றோருடன் வசித்தவர். வேலை பார்த்த நியூவார்க்குக்கு முந்தின இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் மாறி மாறி வந்து சேர்ந்திருந்தார். கேப்டன் ஃபுளோரிடாக்காரர். பேஸ் (பணி தொடங்கும் விமான நிலையம்) இருக்கும் ஊரில் வீடு எடுத்துத் தங்கச் சம்பளம் போதாத நிலைமை அன்று அமெரிக்காவின் சிறிய ஏர்லைன்களில் சாதாரணம். அங்கே கோ-பைலட்டுக்கும் 1,500 மணி நேர விதி வந்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

அதனால் உங்களுக்கென்று ஒரு அடிமட்டத் தொகை வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் இருக்கும் ஊரில் ஒரு அறை வாடகை, சாப்பாடு, கடன் தவணை, மெடிக்கல், வீட்டுக்கு அனுப்புவது. இதைக் கூட்டி வரும் தொகைக்குக் கீழே எந்த வேலையும் வேண்டாம், எத்தனை மணி நேரம் கொடுத்தாலும். அதற்கு மேலே போய்விட்டால் சம்பளத்தை மூடி வைத்துவிட்டு லாக்புக் கணக்கைப் பாருங்கள்.

வாய் வார்த்தையை நம்புவது

வேலைக் கடிதத்தில் எழுதாதது எதுவும் கிடைக்காது.

அன்றே கையெழுத்துப் போடுவது

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போக இரண்டு நாள் கேளுங்கள். திருமங்கலத்துத் தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். இப்போது பதிவெண்களை எழுதி வைத்துக்கொண்டு ஒரு வாரமாக ஃபிளைட்ரேடாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாற்பதாயிரம் கூடுதலாகத் தரும் நிறுவனத்தில் ஒரு விமானம் ஐந்து நாளாகப் பெங்களூரை விட்டு நகரவில்லை என்று நேற்றிரவு செய்தி அனுப்பியிருந்தான். ஏன் என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.