இங்கிலாந்து கன்ட்ரி ஹவுஸ் பாக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கிராமப்பக்கம் பிரபுக்களும் பணக்காரங்களும் கட்டுன பெரிய மாளிகையத்தான் இங்கிலாந்துல கன்ட்ரி ஹவுஸ்னு சொல்வாங்க. முகப்ப பாத்துட்டு வீட்டுக்கு வயசு சொல்றதுதான் எல்லாரும் பண்ற முதல் தப்பு, மத்த தப்புல பாதி இதுலருந்துதான் வருது. இளவரசி டயானாவோட குடும்ப வீடு ஆல்தார்ப் இருக்கே, வெளிய பாத்தா வெளிர் நிறத்துல 18-ம் நூற்றாண்டு வீடு மாதிரி நிக்கும், ஆனா உள்ள இருக்கறது அதுக்கு ரொம்ப முன்னாடி கட்டுன சிவப்பு செங்கல் வீடு. 1788 வாக்குல ஹென்றி ஹாலண்ட்னு ஒரு ஆர்க்கிடெக்ட் செங்கல் மாதிரியே தெரியற ஒரு வகை ஓட்ட சுவர் மேல பூரா பதிச்சு மூடிட்டார். டெர்பிஷயர்ல இருக்கற சாட்ஸ்வொர்த் மாளிகையும் அப்படித்தான், 1687-லருந்து டெவன்ஷயரோட முதல் டியூக் ஒரு பக்கம் இடிச்சு கட்டி, அப்புறம் அடுத்த பக்கம்னு போனதால முதலாம் எலிசபெத் ராணி காலத்து வீட்டோட நடுமுற்றம் இன்னும் பிளான்ல அப்படியே இருக்கு. அதனால முன்னாடி மட்டும் நிக்காம பின்பக்கம், லாயம் இருக்கற பக்கம், கூரை, புகைபோக்கி எல்லாத்தையும் ஒரு சுத்து பாருங்க, கட்டுனவங்க காசு மிச்சம் பிடிச்ச இடத்துலதான் பழைய சுவர் வெளிய தெரியும். மழைத்தண்ணி குழாய் மேல ஈயத்துல பெட்டி மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல வருஷமும் இனிஷியலும் போட்டிருப்பாங்க. அத பாத்ததும் வீடு அந்த வருஷம் கட்டுனதுன்னு எழுதிடாதீங்க, ரிப்பேர் பண்ண வருஷமா கூட இருக்கலாம்.

அடுத்தது ஜன்னல். அடைச்ச ஜன்னல பாத்தாலே "ஜன்னல் வரிக்காக அடைச்சாங்க"ன்னு சொல்லிடறாங்க. வரி இருந்தது உண்மை, 1696-ல வந்து 1851-ல போச்சு, அதுக்காக அடைச்சவங்களும் உண்டு. ஆனா பெரிய வீட்டுல நிறைய ஜன்னல் கட்டும்போதே குருட்டு ஜன்னலாத்தான் கட்டுனது, ஏன்னா வெளிய ரெண்டு பக்கமும் சமமா தெரியணும், உள்ள அந்த இடத்துல புகைபோக்கியோ குறுக்கு சுவரோ வந்துடும். கிட்டப் போய் பாத்தா கண்டுபிடிச்சிடலாம், பின்னாடி அடைச்சதுன்னா கல்லோ செங்கல்லோ நிறம் மாறி ஓரத்துல நேரா ஒரு கோடு தெரியும், முதல்லயே அப்படி கட்டுனதுன்னா சுத்தி இருக்கற சுவரோட வேலைப்பாடு ஒண்ணாவே இருக்கும்.

பெரிய ரூம் எல்லாம் கீழதான் இருக்கும்னு நினைச்சு கீழேயே சுத்திட்டு வர்றவங்களும் உண்டு. டெர்பிஷயர்ல ஹார்ட்விக் ஹால் போனீங்கன்னா வெளியிலயே விடை இருக்கு, மேல போகப் போக ஜன்னல் உயரம் கூடிட்டே போகும். பெஸ் ஆஃப் ஹார்ட்விக்னு சொல்ற பெரும் பணக்கார சீமாட்டி 1590-ல ராபர்ட் ஸ்மித்சன் டிசைன்ல ஆரம்பிச்சு 1597-ல குடி வந்த வீடு அது. கீழ வேலைக்காரங்க, நடு மாடியில பெஸ்ஸோட புழக்கம், உச்சி மாடியிலதான் விருந்தாளிகள வரவேற்கற பெரிய அறைகளும் நீள கேலரியும். கண்ணாடி அவ்வளவு விலை வித்த காலத்துல அந்த அளவுக்கு ஜன்னல் வெச்சதே ஊருக்கு காட்டறதுக்குத்தான், டவர் உச்சியில தன் பேரோட முதல் எழுத்து ரெண்டையும் கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க. பக்கத்துல இடிஞ்சு கிடக்கற பழைய ஹாலையும் விட்டுடாதீங்க, அதுவும் அதே பெஸ் கட்டுனதுதான்.

எனக்கு ரொம்ப முக்கியமா படறது கெடில்ஸ்டன் ஹால், ஏன்னா அங்க போறவங்க நடுவுல இருக்கற பிரம்மாண்டமான பகுதியிலதான் குடும்பம் வாழ்ந்துச்சுன்னு நினைச்சுக்கறாங்க. வீட்டுக்காரர் நத்தானியேல் கர்சன் பழைய வீட்ட இடிச்சு, ஊரையே தள்ளி வெச்சுட்டு 1759-ல இத ஆரம்பிச்சார், சர்ச் மட்டும் நகராம இன்னும் வீட்ட ஒட்டி நிக்குது. நடுப்பகுதி காட்சிக்கு, விருந்துக்கு, சேகரிச்ச ஓவியத்துக்கும் சிலைக்கும். குடும்பம் இருந்தது ஒரு பக்க விங்ல, சமையல் எதிர்ப்பக்க விங்ல, சாப்பாடு அவ்வளவு தூரம் வளைஞ்ச காரிடார் வழியா வரணும். மார்பிள் ஹால்ல இருக்கற 20 தூணும் மார்பிள் இல்ல, அலபாஸ்டர்னு பளிங்கு மாதிரியே தெரியற ஒரு மென்மையான கல். மூணு ஆர்க்கிடெக்ட் வேலை பாத்த வீடு இது, பிளான ஆரம்பிச்சது பிரெட்டிங்ஹாம், வடக்கு முகப்புல பெரும்பகுதி ஜேம்ஸ் பெய்ன், தெற்கு முகப்பு ராபர்ட் ஆடம், அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட மாதிரி ரோம்ல இருக்கற கான்ஸ்டன்டைன் வளைவு. ஒரே வீட்டுக்கு ரெண்டு முகம், அதனால ஒரு பேர மட்டும் சொல்லி முடிச்சிடறது சரியில்ல. பிரிட்டிஷ் காலத்துல கவர்னர் ஜெனரல் தங்கறதுக்கு கட்டுன கல்கத்தா கவர்ன்மென்ட் ஹவுஸ் இதோட அச்சு காப்பின்னு சொல்றதும் சரியில்ல. சார்ல்ஸ் வயட் 1799-லருந்து 1803-க்குள்ள இத மாதிரியா வெச்சு கட்டுனது உண்மை, ஆனா அங்க நாலு விங்கும் இருக்கு, கெடில்ஸ்டன்ல நாலுக்கு பிளான் போட்டு ரெண்டுதான் எழும்புச்சு. கெடில்ஸ்டன்ல 1859-ல பொறந்த கர்சன் பிரபுவே 1899-ல வைஸ்ராயா போய் அந்த கல்கத்தா வீட்டுல இருந்தார்.

காசு எங்கருந்து வந்துச்சுன்னு கேக்காம வர்றதும் தப்புதான், கட்டடத்த புரிஞ்சுக்க அது வேணும். பழைய குடும்பம் தலைமுறைக்கு கொஞ்சமா சேத்து கட்டும், கையில மொத்தமா காசு வந்தவங்களால ஒரே டிசைன்ல முழுசா கட்ட முடிஞ்சுது. ஹேர்வுட் ஹவுஸ் கட்டுன லாசெல்ஸ் குடும்பத்துக்கு கரீபியன் சர்க்கரையும் அடிமை வியாபாரமும். பெர்க்‌ஷயர்ல பாசில்டன் பார்க் வங்காளத்து காசு. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல வுட்ஹால் பார்க் நமக்கு இன்னும் கிட்ட வருது, 1777-ல தாமஸ் லெவர்டன் டிசைன்ல அத கட்ட ஆரம்பிச்ச தாமஸ் ரம்போல்ட் 1778-லருந்து 1780 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். அவருக்கு அப்புறம் அந்த வீட்ட வாங்குனது பால் பென்ஃபீல்ட், ஆற்காட்டு நவாபுக்கு கடன் குடுத்து பெரும் பணம் சேத்த அதே ஆள். 1785-ல பார்லிமென்ட்ல எட்மண்ட் பர்க் நவாபோட கடன் விவகாரத்த பத்தி பேசுனப்போ கிழிச்சு தொங்கவிட்டதும் இவரத்தான்.