மலிவான பங்கா, மங்கிப்போன பங்கா? வங்கிக்கும் நுகர்பொருளுக்கும் வெவ்வேறு தராசு

பி.இ. விகிதம் (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) குறைவாக உள்ள பங்குகளை வடிகட்டினால் வங்கிகள் வரிசையாக மேலே வந்து நிற்கும். சோப்பு, பிஸ்கட் கம்பெனிகள் கண்ணிலேயே படாது. அதை வைத்து வங்கி மலிவு, மற்றது விலை அதிகம் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் நிறுக்க வேண்டும்.

படி 1: வங்கியின் புத்தக மதிப்பு

சொத்திலிருந்து கடன்களைக் கழித்து, மீதியைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் புத்தக மதிப்பு வரும். பங்கு விலை அதைவிடக் குறைவா என்று பாருங்கள். கடன்-மூலதன விகிதத்தை இங்கே தேட வேண்டாம். வங்கி வாங்கும் டெபாசிட்டே கடன்தான், அதுதான் அதன் மூலப்பொருளும்.

படி 2: அந்த மதிப்பு மெய்யா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. புத்தக மதிப்பு 100, விலை 80 என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் தள்ளுபடி போலத் தெரிகிறது. சரி, ஆண்டறிக்கையில் வாராக்கடன் பகுதியைத் திறங்கள். நஷ்டத்துக்காக வங்கி முன்பே எடுத்து வைத்த ஒதுக்கீடு போக மிஞ்சும் நிகர வாராக்கடன், ஒரு பங்குக்கு 15 வருகிறது. அது திரும்பவே வராவிட்டால் உண்மையான மதிப்பு 85தான். 20 சதவீதத் தள்ளுபடி சுமார் 6 சதவீதமாகச் சுருங்கிவிட்டது! இந்தக் கணக்கைப் போடாமல் எந்த வங்கிப் பங்கையும் வாங்காதீர்கள்.

மூலதனப் போதுமை விகிதத்தையும் (அபாயத்துக்கேற்பக் கணக்கிட்ட சொத்துகளில் மூலதனம் எத்தனை சதவீதம் என்பது) ஒரு பார்வை பாருங்கள். பாசல் 3 என்ற சர்வதேச வங்கி விதிப்படி, பாதுகாப்பு இருப்பையும் சேர்த்து 10.5 சதவீதம் வேண்டும். அதை ஒட்டியே நிற்கும் வங்கி புதுப் பங்கு வெளியிட நேரலாம். புத்தக மதிப்புக்குக் கீழே வெளியிட்டால் உங்கள் பங்கின் மதிப்பு கரையும்.

படி 3: மூலதனத்தின் மீதான லாபம்

100 மூலதனத்தில் ஆண்டுக்கு 6 சம்பாதிக்கும் வங்கி 80-க்குக் கிடைப்பதில் அதிசயம் இல்லை. அதே 80-க்கு, பல ஆண்டுகளாக 15 சம்பாதிக்கும் வங்கி கிடைத்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

படி 4: நுகர்பொருளில் எண்ணிக்கை

இங்கே புத்தக மதிப்பு அதிகம் பேசாது. பிராண்டின் பெயர்தான் பெரிய சொத்து. நிறுவனமே வளர்த்தெடுத்த பிராண்ட் கணக்கேட்டில் சொத்தாக ஏறாது. ஆகவே பி.இ. பார்க்கலாம், ஆனால் அதே கம்பெனியின் கடந்த 10 ஆண்டு பி.இ.-யோடு ஒப்பிட்டு.

அப்புறம் விற்பனை வளர்ச்சியைப் பிரித்துப் பாருங்கள். விற்பனை 8 சதவீதம் கூடியிருக்கிறது, விலையை 9 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள் என்றால், விற்ற சரக்கின் அளவு சுமார் 1 சதவீதம் குறைந்திருக்கிறது. வாடிக்கையாளர் நழுவுகிறார். லாபத்துக்கு ஈடாகப் பணம் உண்மையில் கைக்கு வருகிறதா என்பதைப் பணப்புழக்க அறிக்கை சொல்லும்.

படி 5: ஏன் இறங்கியது?

மூலப்பொருள் விலை ஏறி லாப விகிதம் சுருங்கியிருந்தால், அது பெரும்பாலும் மீளக்கூடியது. விளம்பரச் செலவை வெட்டி லாபம் காட்டியிருந்தால் எனக்கு அந்தப் பங்கே வேண்டாம். நாளைய விற்பனையை இன்றே தின்கிறார்கள்.

வாங்கும் முன் காரணத்தை ஒரே வரியில் எழுதி வையுங்கள். அடுத்த காலாண்டு முடிவு வந்ததும் வங்கிக்கு நிகர வாராக்கடனையும், நுகர்பொருளுக்கு விற்பனை அளவையும் முதலில் எடுத்து, அந்த வரியோடு ஒத்துப் பாருங்கள்.