நிறுத்திவிட்டுத்தான் கூட்டத்துக்கு வர வேண்டுமா?

குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் எங்கள் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு மூன்று வாரம் விடாமல் வந்துகொண்டிருந்த ஒரு தம்பி போன செவ்வாய்க்கிழமை வரவில்லை. போன் போட்டேன். "சனிக்கிழமை குடிச்சிட்டேண்ணே. ஒரு பத்து நாள் சுத்தமா இருந்துட்டு வரேன், இப்ப வந்தா அசிங்கம்" என்றார். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதையே நானும் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்களைத்தான் எழுதுகிறேன். நேரத்துக்கு வருவது, போனை அணைத்து வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் இரண்டாவது வாரத்தில் தானாக வந்துவிடும்.

தேடும்போது

இணையத்தில் குடியை நிறுத்த வழி தேடினால் தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள்தான் முதலில் கண்ணில் படும். கூப்பிட்டால் மாதத்துக்கு இவ்வளவு ஆகும், வண்டி அனுப்புகிறோம் என்பார்கள். அது வேறு, ஏ.ஏ. கூட்டம் வேறு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இன்றும் அதே பேச்சுதான். கட்டணம் இல்லை, படிவம் இல்லை, முழுப் பெயர்கூட யாரும் கேட்க மாட்டார்கள். செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். புதியவர் அதில் எதுவும் போட வேண்டாம்.

பல ஊர்களில் கூட்டம் சர்ச் வளாகத்தில் நடக்கும். மதம் மாற்றுகிறார்களோ என்று வாசலோடு திரும்பியவர்கள் உண்டு. அங்கே இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள், இடமும் நேரமும் மாறியிருக்கலாம். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். மூடிய கூட்டத்துக்குள் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும்தான் போகலாம். மனைவியையோ அண்ணனையோ கூட்டிப் போனால் அவர்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

'நிறுத்திவிட்டு வருகிறேன்'

என்னை இன்றும் கோபப்படுத்துவது இதுதான்.

நான் நான்கு மாதம் தொடாமல் இருந்தேன். சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், மொட்டை மாடியில், ஒரு கிளாஸ். அடுத்த வியாழக்கிழமை கூட்டம் நடக்கும் இடம் வரைக்கும் போனேன். எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றுகொண்டேன். ஜன்னல் வழியாக டியூப் லைட் வெளிச்சம் தெரிந்தது. யாரோ இரும்பு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பிரார்த்தனை. 'நாலு மாசம்னு போன வாரம்தானே சொன்னோம், எந்த முகத்தோடு உள்ளே போவது' என்று நினைத்தேன். கையில் இருந்த டீ ஆறியது. திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மாதம் சுத்தமாக இருந்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த ஒரு மாதம் வர பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் வேலை போனது. அடகில் இருந்த என் மனைவியின் நான்கு பவுன் சங்கிலி ஏலத்துக்குப் போனது. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஏ.ஏ.வில் சேர ஒரே ஒரு தகுதிதான் உண்டு: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று யாராவது சொல்வார்களா? "மாலை போட்டா ஒரு மண்டலம் தொடமாட்டேனே, கோயில்ல கயிறு கட்டினா ஆறு மாசம் இருப்பேனே" என்பார்கள். நானும் இருந்திருக்கிறேன். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் எங்கே போனேன் என்பதும் எனக்குத் தெரியும்.

தனியாக நிறுத்திப் பார்ப்பதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, இடம் பொழுது தெரியாமல் உளறுவது என்று முற்றி உயிரே போகலாம். கூட்டத்தில் இருக்கும் நாங்கள் மருத்துவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். இது ஒரு பக்கம் நடக்கட்டும், கூட்டத்துக்கும் வாருங்கள்.

குடித்துவிட்டே வந்தாலும் உட்காரலாம். அன்றைக்குப் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள் என்பார்கள், அவ்வளவுதான்.

'அவர் அளவுக்கு நான் குடிக்கவில்லை'

கூட்டத்தில் அடுத்தவர் கதையைக் கேட்டதும் இப்படித் தோன்றும். இன்னும் குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிப்பவரின் குடும்பத்தாரான உங்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டமே இருக்கிறது. குடிப்பவர் ஏ.ஏ.வுக்கு வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

முடிந்ததும் ஓடுவது

கடைசிப் பிரார்த்தனை முடிந்ததும் செருப்பைத் தேடாதீர்கள். அதற்குப் பிறகு வரும் பத்து நிமிட டீயில்தான் போன் நம்பர் கை மாறும். மதுக்கடை கண்ணில் படும் ஏழு மணிக்கு உங்களுக்கு அந்த நம்பர் வேண்டும்.

நேற்று அந்தத் தம்பி வந்தார். கதவோரமாக உட்கார்ந்தார், தன் முறை வந்தபோது "சனிக்கிழமை குடிச்சேன்" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் தன் பிஸ்கட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். போகும்போது நான்கு பேரிடம் நம்பர் வாங்கிக்கொண்டார்.

இன்று காலை ஆறரைக்கு எனக்கு போன் வந்தது.