"அவனை நானே பாத்துக்கறேன்"னு தோணுறப்ப என்ன பண்ணணும்

ஒருத்தன் நம்ம வீட்டு ஆளுக்கு அநியாயம் பண்ணிட்டு ஜாலியா சுத்திட்டிருக்கான், கேஸ் எங்கயோ தூங்குது, அந்த நேரத்துல "பொறுமையா இரு, சட்டம் பாத்துக்கும்"னு யாராச்சும் சொன்னா அவங்க மேலயே கோவம் வரும். நியாயமான கோவம்தான், அதை அடக்கச் சொல்ல இதை எழுதல. அந்தக் கோவத்துல நம்ம கேஸை நாமளே கெடுத்துக்காம இருக்கறது எப்படின்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல ஆபத்து இன்னும் இருக்கா முடிஞ்சிருச்சான்னு பாருங்க. அடிக்க வர்றவனைத் தடுத்து தேவையான அளவு திருப்பி அடிச்சா அது தற்காப்பு. அவன் போனப்புறம் மறுநாள் ஆள் கூட்டிட்டு போய் அடிச்சா, அவன் பண்ணது எவ்ளோ பெருசா இருந்தாலும் நீங்களும் அக்யூஸ்ட்தான், "முன்விரோதத்துல பொய்க் கேஸ் போட்டுட்டாங்க"ன்னு அவன் வக்கீல் பேசறதுக்கு பாயிண்டும் நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு "உன்ன சும்மா விட மாட்டேன்டா"ன்னு அனுப்பற வாய்ஸ் மெசேஜும் அப்படித்தான், கோர்ட்ல அதைப் போட்டுக் காட்டுவாங்க.

அடுத்து, ஆள் அவன்தானா? 2013-ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்துல குண்டு வெடிச்சப்ப நெட்ல கூட்டமா துப்பறிஞ்சு, ஏற்கனவே காணாம போயிருந்த ஒரு காலேஜ் பையனைக் குற்றவாளின்னு பரப்பினாங்க. அவனுக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்ல, பிறகு பிணமாதான் கிடைச்சான், அவனைத் தேடிட்டிருந்த குடும்பத்துக்குத்தான் அத்தனை திட்டும் வந்துச்சு. கோர்ட்டும் தப்பு பண்ணும், ஆனா அங்க அப்பீல் இருக்கு, பல வருஷம் கழிச்சு டிஎன்ஏ டெஸ்ட்ல நிரபராதின்னு வெளிய வந்தவங்க இருக்காங்க. கூட்டம் அடிச்சுக் கொன்னவனுக்கு யார்கிட்ட அப்பீல் போடுறது? அதனால பேரு, போட்டோ எதையும் போஸ்ட் பண்ணாதீங்க.

அந்த நேரத்துல உக்காந்து எழுதுங்க. தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தாங்க, அவன் என்ன வார்த்தை சொன்னானோ அதே வார்த்தையில. "திட்டினான்"னு மட்டும் எழுதினா பத்தாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டோம்னு ஒரிஜினல் சாட்டை அழிச்சிராதீங்க, போட்டோவை கிராப் பண்ணாதீங்க, காயம் இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டி எழுத்துல வாங்கிருங்க. அவன் அக்கவுண்ட்டை ஹேக் பண்ணி ஆதாரம் எடுக்கறேன்னு கிளம்புனா அது உங்க மேல தனி கேஸ். பல வழக்குகளுக்கு இத்தனை வருஷத்துக்குள்ள போடணும்னு காலக்கெடு வேற இருக்கு, பழிவாங்க பிளான் போட்டே அதைத் தாண்டிராதீங்க.

உங்களுக்கு என்ன வேணும்னும் முடிவு பண்ணுங்க. அவன் உள்ள போகணுமா, நஷ்டஈடா, இல்ல இனிமே கிட்டவே வராம இருந்தா போதுமா? ஒவ்வொண்ணுக்கும் வழி வேற. கிரிமினல் கேஸ்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், சிவில்ல பொதுவா அவ்ளோ தேவையில்ல. அமெரிக்காவுல ஓ.ஜே. சிம்ப்சன்னு ஒரு முன்னாள் ஃபுட்பால் வீரர், முன்னாள் மனைவியையும் அவங்க நண்பரையும் கொன்னதா வந்த கேஸ்ல 1995-ல விடுதலை ஆனார், 1997-ல அதே சாவுகளுக்கு சிவில் கோர்ட் அவர்தான் பொறுப்புன்னு சொல்லி 33.5 மில்லியன் டாலர் கட்டச் சொல்லுச்சு (அதுல பெரும்பகுதி செத்தவங்க குடும்பங்களுக்கு வரவே இல்லங்கறதையும் சொல்லணும்).

பழிவாங்கினாதான் மனசு ஆறும்னு நினைப்போம். கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட்னு மூணு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2008-ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு விளையாட்டுல ஏமாத்துனவங்களைத் தண்டிக்க வாய்ப்பு கிடைச்சவங்கதான் கிடைக்காதவங்களை விட மோசமா ஃபீல் பண்ணாங்க, அந்த ஆளையே நினைச்சிட்டும் இருந்தாங்க.

புகாரை வாங்கவே மாட்டேங்கறாங்களா? மேலதிகாரிக்கு எழுத்துல அனுப்புங்க, வக்கீல் வச்சு நேரா கோர்ட்டுக்குப் போக வழி இருக்கான்னு கேளுங்க, அனுப்பினதுக்கெல்லாம் ரசீது வச்சுக்கங்க. இவன் இதையே வேற யாருக்காச்சும் பண்ணியிருக்கானான்னு வக்கீல் மூலமா விசாரிங்க, ரெண்டு மூணு பேர் தனித்தனியா ஒரே மாதிரி சொன்னா அதைத் தட்டிக்கழிக்கறது கஷ்டம். பத்திரிகைக்குப் போறதா இருந்தா அதுவும் வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான், இல்லன்னா மானநஷ்ட வழக்குன்னு அவன் முந்திக்குவான்.