எழும்பூர் அருங்காட்சியகத்தை அரை நாளில் பார்ப்பது எப்படி

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்திற்கு வருவோரில் பலர், கண்ணில் படும் கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்கி, உச்சி வெயிலில் களைத்துப்போன பிறகு செப்புத் திருமேனிகளின் கூடத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிடுகின்றனர். 1851-இல் தொடங்கி, 1854-இல் இவ்வளாகத்திற்குக் குடிபெயர்ந்த இந்நிறுவனத்தை ஒரே மூச்சில் பார்த்து முடிக்க இயலாது. திமிங்கில எலும்புக்கூட்டைக் குழந்தைகளுக்காக இன்னொரு நாளைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்று தொகுப்புகளை மட்டும் நிதானமாகப் பார்ப்பதே என் பரிந்துரை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொண்டு, காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

முதலில் அமராவதிச் சிற்பங்களுக்குச் செல்லவும். கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இவை. 1845-இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் அங்கு அகழ்ந்தெடுத்தவற்றில் பெரும்பகுதி 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது. இங்குள்ளவற்றுள், புத்தர் நளகிரி என்ற யானையை அடக்கும் வட்டச் சிற்பத்தின் முன் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். ஒரே வட்டத்திற்குள் அதே யானை இரண்டு முறை வருகிறது: ஒருபுறம் மதம் கொண்டு ஒருவனைத் துதிக்கையால் காலைப் பற்றித் தூக்குகிறது, மறுபுறம் புத்தர் முன் பணிந்து கிடக்கிறது. மாடத்துச் சாளரங்களிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களின் முகங்களையும் தவறவிடக் கூடாது.

அடுத்தது செப்புத் திருமேனிகள். கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய கோலத்தில் உற்சவரின் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, வார்ப்புக்கு முன் மெழுகு உருவில் வடித்த ஆபரணமும் ஆடை மடிப்பும் அப்படியே உலோகத்தில் இறங்கியிருப்பதை அருகில் நின்று காணும் வாய்ப்பு இங்குதான் கிடைக்கிறது. பெயர்ப்பலகையில் தெய்வத்தின் பெயருக்கு முன் ஊரின் பெயரைப் படிக்கவும். இவற்றுள் பல, வயலிலோ கோயில் நிலத்திலோ மண்ணுக்கடியில் கிடைத்து, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியே இங்கு வந்து சேர்ந்தவை. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் வலப்பக்கம் இரண்டு கைகளும் இடப்பக்கம் ஒரே கையும் உள்ளன. சிவனின் பாதியில் தொடையளவில் நிற்கும் ஆடை, அம்மையின் பாதியில் கணுக்கால் வரை இறங்குகிறது. திருவாலங்காட்டு நடராசருக்கோ சுற்றிலும் சுடர்வளையமாக அமையும் திருவாசியும் இல்லை, விரிசடையும் இல்லை. அவை இல்லாததாலேயே உடலின் சமநிலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து வியந்து எழுதியது இத்திருமேனியைப் பற்றித்தான். பீடத்தின் துளைகளையும் பார்க்கவும். திருவுலாவின்போது திருமேனியைப் பிணைத்துக் கட்டுவதற்கானவை அவை.

இறுதியாக, 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்த ஆதிச்சநல்லூர்ப் பொருட்களைக் காணலாம். மேற்சொன்ன இரு திருமேனிகளும் வடிக்கப்பட்ட சோழர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தாமிரபரணிக் கரையில் முதுமக்கள் தாழிகளோடு புதைக்கப்பட்டவை இவை. சற்று முன் பார்த்த திருமேனிகள் கண்ணில் நிற்கும்போதே, வெண்கல மூடிகளின் மேல் நிற்கும் சிறு விலங்குருவங்களைக் குனிந்து பார்க்கவும். அப்போதும் நேரம் மிஞ்சினால், வெளியே வந்து, 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்தையும் 1909-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபத்தின் செந்நிற முகப்பையும் மர நிழலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம்.